கேப்டனைக் கேளுங்கள்

ஆர்ட்ராசன் துறைமுகம்,
1884 பிப்ரவரி 4, திங்கள்

தம்பி நினியனுக்கு,

நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். சமாதானம் பேச எழுதவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் போட்டு, என் புருஷன் மர்டோவின் பெயரை விட்டாயே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். இது வேறு விஷயம்.

உங்கள் கம்பெனிக் கப்பல் 'மார்கரெட் லோகன்' சனிக்கிழமை இங்கிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குக் கிளம்புகிறது. அதில் கப்பல் தச்சனாக மர்டோ போகிறார். உனக்குத் தெரியுமோ என்னவோ. கிளாஸ்கோவில் மாடி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்தக் கப்பலில் யார் போகிறார்கள் என்பதெல்லாம் வந்து சேராது போலிருக்கிறது.

நேற்று கோயில் முடிந்து துறைப் பக்கம் போனேன். ரயில் தண்டவாளங்களாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். கப்பல் பாவம், கழுத்து வரை தண்ணீரில் நிற்கிறது. பக்கவாட்டில் வெள்ளை வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு போடுவீர்களே, அதற்கு மேல் தண்ணீர் ஏறும்படி சரக்கு ஏற்றக்கூடாதென்று? அந்த வட்டம் இடம் மாறியிருக்கிறது. கார்த்திகைக் குளிரில் பார்த்தபோது இருந்த இடத்தில் இப்போது கறுப்புப் பெயிண்ட். புது வட்டம் அதற்கு ஒரு சாண் மேலே. ஒரு சாண், தம்பி! என் கையை நீட்டி அளந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மர்டோவைக் கேட்டேன். "அந்த வட்டத்தை எவன் தூக்கி வச்சான்?" என்றேன்.

"நான்தான். தச்சன் வேலைதானே அது" என்றார்.

"எவன் சொல்லி?"

கருவிப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது அங்குலம் உயர்த்தவும் என்று உத்தரவு. கீழே உன் கையெழுத்து. உனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாதா உன் எழுத்து?

போன மாசி மாதம் இதே துறையிலிருந்து இரும்பேற்றிப் போன ஒரு கப்பலில் மிஞ்சியது சரக்கறையை மூடும் ஒரு மரப்பலகை. அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியது. அதில் போனவர்கள் வீட்டுப் பெண்கள் இன்னும் மீன் சந்தைக்கு வருகிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து எதுவும் கேட்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, நினியன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பத்தொன்பது பேர் போகிறார்கள். கொஞ்சம் இரும்பை இறக்கச் சொல்.

எல்ஸ்பெத்


கிளாஸ்கோ,
பிப்ரவரி 5, செவ்வாய்

அன்புள்ள எல்ஸ்பெத்,

கடிதம் கிடைத்தது. துறைமுகத்தில் குடியிருப்பவர்களுக்கு இத்தகைய கவலைகள் எழுவது இயல்பே. ஆயினும் சில விவரங்களை நீ அறிந்துகொள்வது நல்லது.

கப்பலில் வட்டம் வரைய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எந்த உயரத்தில் என்பதை உரிமையாளரே தீர்மானிக்கலாம். எங்கள் நிறுவனம் சட்டத்துக்கு உட்பட்டே நடந்திருக்கிறது. என் மாமனார் மிஸ்டர் கில்மர் முப்பது ஆண்டுகளாகக் கப்பல் அனுப்புகிறவர். அவருக்குக் கடலைத் தெரியும்.

தவிர, கப்பலில் போகிறவர்கள் யாரும் முறையிடவில்லை. கால்பந்து மைதானத்தில் நாங்கள் எப்படி ஆடினோம் என்று உனக்கு நினைவிருக்கும். கேப்டன் கையைத் தூக்கி முறையிட்டால்தான் நடுவர் வாயைத் திறப்பார். யாரும் முறையிடாவிட்டால் ஆட்டம் நடக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நினியன் கிரெய்க்

பி.கு: மர்டோ அந்தக் கப்பலில் இருப்பது எனக்கு உன் கடிதம் பார்த்துத்தான் தெரியும். அந்த உத்தரவை எழுதும்போது 'தச்சருக்கு' என்றுதான் எழுதினேன்.


ஆர்ட்ராசன்,
பிப்ரவரி 6, புதன்

நினியா,

மைதானத்தைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறாய்? அந்தக் கோப்பை ஆட்டத்தன்று மாட்டு வண்டி மேல் ஏறி நின்று பார்த்தவள் நான். சேறு முழங்கால் வரை. கோல் கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்த நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பந்து உன் வலது முழங்கையில் பட்டுத்தான் நாடாவுக்குக் கீழே போனது. நான் பார்த்தேன். உன் பக்கத்திலேயே ஓடிவந்த மர்டோவும் பார்த்தார்.

எதிர் அணிக்காரன் ஒருவன் சந்தேகப்பட்டுக் கத்தினான். நடுவர் மர்டோவிடம் வந்து, "கை பட்டுச்சா?" என்று கேட்டார். மர்டோ என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா? "கேப்டனைக் கேளுங்க" என்றார். உங்கள் சங்கத்து வழக்கம் அது. ஆட்டக்காரன் கேப்டனைத் தாண்டிப் பேசமாட்டான். நடுவர் உன்னைக் கேட்டார். நீ நெஞ்சை நிமிர்த்தி, "படலை" என்றாய். கனவான் சொன்னால் அதுவே முடிவு. கோப்பை உன் அலுவலக அலமாரியில் இருக்கிறதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். அதைக் கண்டுதான் கில்மர் உன்னைப் பங்குதாரராகவும் மாப்பிள்ளையாகவும் சேர்த்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள்.

யாரும் முறையிடவில்லை என்கிறாய். கேள். கப்பலில் வேலை செய்கிறவர்களில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தால் அரசாங்க அதிகாரி வந்து கப்பலைப் பார்த்தே தீரவேண்டும். உன் சட்டம்தான் இதையும் சொல்கிறது. நாலு பேர் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் நடுங்குகிறார்கள். ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு வரமாட்டேன் என்றால் ஜெயில். புகார் பொய்யென்று போனால் வேறு எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது. கப்பல் பாய் தைக்கும் டூகல்டு காகிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"தச்சரே, நீங்க ஒரு ஆள் போட்டா போதும். வட்டத்தைத் தூக்கினது நீங்க. உங்க பேச்சுக்கு மேல பேச்சு கிடையாது."

மர்டோ ஓட்ஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "எழுதினவன் என் கேப்டன். அவனுக்கு மேல நான் எப்படி முறையிடுறது?"

"யோவ், அந்த ஆட்டம் முடிஞ்சு பதினோரு வருஷமாச்சய்யா!" என்றான் டூகல்டு. நானும் அதைத்தான் கத்தினேன். தட்டைக்கூட உடைத்தேன். கலக்கிக்கொண்டே இருந்தார்.

நீ அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொடக்கூட மாட்டாய். அந்த மடையன் இன்னும் உன்னைக் கேப்டன் என்கிறான். உன் வட்டத்துக்குக் கீழே மூழ்கப் போகிறான்.

இரும்பை இறக்கு. இல்லாவிட்டால் அவரைக் கையெழுத்துப் போடச் சொல். இரண்டில் ஒன்று செய், தம்பி. உன் காலில் விழுகிறேன்.

எல்ஸ்பெத்


கிளாஸ்கோ,
பிப்ரவரி 7, வியாழன்

அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நேற்று மாமனாரிடம் பேசினேன். பேசினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. வாய் திறந்தேன், அவ்வளவுதான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்பிள்ளை, வட்டத்தை ஒசத்தச் சொல்லி உத்தரவு எழுதினது யாரு? நீங்கதானே? இப்ப இறக்குனா, எழுதினது தப்புன்னு ஊரே பேசும். தப்பு யாரோடது ஆகும், யோசிச்சீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த உத்தரவை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் என்னுடையது. ஏன் அவரே போடவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் எவ்வளவு பெரிய முட்டாள், பார்த்தாயா?

எனக்கு வியாபாரம் தெரியாது, அக்கா. உனக்கு மட்டும் சொல்கிறேன். பந்தை உருட்டிக்கொண்டு ஓடத் தெரியும். அதை வைத்து ஊரில் பெயர் கிடைத்தது. பெயரை வைத்து நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியில் ஏழு வருஷமாகப் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது எழுந்து சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஜன்னல் ஆடினால் கடல் ஞாபகம் வருகிறது.

நானாக இறக்க முடியாது. ஆனால் ஐந்தாவது கையெழுத்து வந்தால் முடியும். அதிகாரி வந்து சொன்னால் மாமனாராலும் ஒன்றும் செய்ய முடியாது. என் மேலும் பழி வராது. மர்டோவிடம் சொல். போட்டால் நான் தப்பாக நினைக்கமாட்டேன் என்று சொல். ஆனால் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. நான் சொன்னதாக வெளியே தெரிந்தால் போச்சு.

நினியன்


ஆர்ட்ராசன்,
பிப்ரவரி 8, வெள்ளி, காலை

நினியன்,

பத்து மணி ரயிலில் போகும் கார்டிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மதியத்துக்குள் உன் கையில் சேர வேண்டும். சேர்ந்தால்தான் ஏதாவது வழி உண்டு.

உன் கடிதத்தைக் காட்டவில்லை. நீ சொன்னதை மட்டும் சொன்னேன். மர்டோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "எல்சி, கேப்டன் உன்கிட்டதானே சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்லலையே. அவன் வந்து என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும். நான் போட்டுட்டுப் போறேன்" என்றார். சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நீ அவருக்காகக் காத்திருக்கிறாய். அவர் உனக்காகக் காத்திருக்கிறார். கடல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உங்கள் இரண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டி அடிக்க வேண்டும் போலிருந்தது.

டூகல்டு காகிதத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான், மர்டோவின் மனசு மாறினால் ஆகட்டும் என்று. அதை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பெயர்கள். ஐந்தாவது இடம் காலி. அப்புறம் மைக்கூட்டை எடுத்தேன்.

நான் போட்டுவிட்டேன், தம்பி. மர்டோ ஷா என்று எழுதிவிட்டேன். நானே கொண்டுபோய் அதிகாரி அலுவலகத்தில் கொடுத்தேன். குமாஸ்தா, "புருஷன் வரலையா?" என்று கேட்டான். "அவருக்கு வேலை இருக்கு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அதிகாரி கப்பலுக்கு வருகிறார். உரிமையாளர் தரப்பிலிருந்தும் ஆள் வர வேண்டுமாம். மர்டோவை அவர் கேட்பார்: இது உன் கையெழுத்தா? மர்டோவுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறந்தால் உண்மைதான் விழும். நான் போட்டது என்று தெரிந்தால் புகார் செல்லாது, கப்பல் அப்படியே கிளம்பும். என்னை ஜெயிலில் போடுவார்கள். அவர் கடலில் போவார், நான் கல் சுவருக்குள் உட்கார்ந்து செய்திக்காகக் காத்திருப்பேன்.

கேட்கும்போது நீ அங்கே இரு. அவ்வளவுதான் கேட்கிறேன். மாமனார் மட்டும் வந்தால் என் கதை முடிந்தது.

உன் அக்கா


கிளாஸ்கோ,
பிப்ரவரி 10, ஞாயிறு

அக்கா,

ஓய்வுநாளில் பேனாவைத் தொடுகிறேன். அம்மா இருந்திருந்தால் விரலில் அடித்திருப்பாள். நாளைதான் தபால் போகும் என்றாலும் இன்றே எழுதிவிடுகிறேன். நேற்று உன் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வரவில்லை. மாமனார் வண்டியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்டோ உன்னிடம் எதுவும் சொல்லியிருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் சொல்கிறேன்.

கப்பல் தளத்தில் பத்தொன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். மழைத் தூறல். அதிகாரி காகிதத்தைப் பிரித்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். நாலு பேரும் "ஆமாங்க, என்னோடதுதான்" என்றார்கள். பிறகு, "மர்டோ ஷா" என்றார். மர்டோ ஒன்றும் புரியாமல் முன்னால் வந்தார். அவருக்குத் தெரியவே தெரியாது, இல்லையா? நீ சொல்லவே இல்லை.

அதிகாரி காகிதத்தை நீட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

மர்டோ பார்த்தார். உன் எழுத்து, அக்கா. கடைசியில் நீ போடும் அந்தச் சுழி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது அவருக்கு. மாமனார் என் பக்கத்திலேயே நின்றார். மர்டோ தலையைத் தூக்கினார். வரிசையைத் தாண்டி, நேராக என்னைப் பார்த்தார். நாலு வருஷத்தில் நான் அவர் கண்ணைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கேப்டனைக் கேளுங்க" என்றார்.

அதிகாரி கப்பல் கேப்டன் பக்கம் திரும்பினார். மர்டோ, "அவர் இல்லீங்க. இவர்" என்று என்னைக் காட்டினார்.

நான் என்ன நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு என் கை தானாக மேலே போயிற்று, மைதானத்தில் தூக்குவோமே, அதேபோல். "அவரோட கையெழுத்துதான். எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

அதிகாரி கப்பல் ஒப்பந்தப் புத்தகத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்தார். "இதுல வேற மாதிரி இருக்கே?"

"குளிர்ல எழுதியிருப்பார்."

"குளிர்ல சுழி வருமா, மிஸ்டர் கிரெய்க்?"

அவர் கேட்காததைச் சொன்னேன். "வட்டத்தை ஒன்பது அங்குலம் ஒசத்தச் சொல்லி எழுதினது நான். அந்த உத்தரவு தச்சர் பெட்டியில் இருக்கு. எடுத்துப் பாருங்க. இந்தக் கப்பல் இப்படியே போனா திரும்பாது. உரிமையாளர் தரப்பில் நானே முறையிடுறேன்."

அதிகாரி அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பழைய வட்டத்தைக் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான். நாற்பது டன் இரும்பு இறங்குகிறது. மர்டோ கறுப்புப் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்தக் கோப்பை ஆட்டத்தில் சொன்னது பொய். நேற்றுச் சொன்னதும் பொய். முதல் பொய்யைச் சொல்லும்போது எனக்குத் துளிப் பயமில்லை. நேற்று செத்துப் பிழைத்தேன்.

கிளாஸ்கோவில் ரயிலை விட்டு இறங்கும்போது மாமனார், "திங்கட்கிழமை வர வேண்டாம், மாப்பிள்ளை" என்றார். வீட்டில் ஐஸபெல் தன் அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று அழுகிறாள். இனி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. அந்த அதிகாரி நாளைக்கே மனசு மாறிக் காகிதத்தை வெளியே எடுத்தால் நமக்கு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. கதவு தட்டினால் எழுந்து நிற்கிறேன்.

உன் கடிதங்களை எரிக்கச் சொல்வாய். எரிக்கவில்லை.

நினியன்


ஆர்ட்ராசன்,
மார்ச் 24, திங்கள்

தம்பி,

நீ அனுப்பிய தந்தி வந்தது. 'ஹாலிஃபாக்ஸ். பத்தொன்பது பேரும்.' அந்த மூன்று வார்த்தைகளை வாசலில் நின்று டூகல்டின் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். கப்பல் கிளம்பி முப்பத்தெட்டு நாள், நினியன். காற்றடித்த ஒவ்வொரு நாளும் நான் துறைக்குப் போய் அந்த வட்டம் இருந்திருக்கும் உயரத்தைச் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். அலை ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போயிற்று.

மர்டோ போகும்வரை கையெழுத்தைப் பற்றி ஒரு பேச்சு பேசவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. திட்டவில்லை. நானும் பயந்துபோய்ச் சொல்லவில்லை. கோபமாகத்தான் போயிருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தோடு போனவர் கடலிலேயே போய்விட்டால் என்ன செய்வேன் என்றுதான் எனக்கு அதிகப் பயம். அதை இப்போதுதான் யாரிடமாவது சொல்கிறேன்.

தந்தி வந்த கையோடு அவர் துணிகளை வெயிலில் போடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். கீழே அந்தப் பழைய ஆட்டத் தொப்பி இருந்தது, உங்கள் சங்கத்து நீலத் தொப்பி. உள்ளே ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது.

முழுக்க அவர் பெயர். முப்பது தடவையாவது எழுதியிருக்கிறார். மேலே இருப்பது அவருடைய எழுத்து, தச்சன் உளி பிடித்துச் செதுக்கியதுபோல் நெட்டுக்குத்தாக. கீழே வர வர மாறுகிறது. சாய்கிறது. நடுவில் கோபம் வந்து இரண்டு மூன்று பெயரை அடித்திருக்கிறார். கடைசி ஐந்து வரியில் என் சுழி வந்துவிட்டது. நான் போட்டதா அவர் போட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரி மறுபடி வந்து, எங்கே எழுதிக் காட்டு என்று கேட்டால் எழுதிக் காட்டுவதற்காகப் பழகியிருக்கிறார். வாயால் பொய் சொல்ல வராதே அவருக்கு.

அவர் திரும்பி வரும் நாளைத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். நீ வா. வாசலில் நிற்காமல் உள்ளே வா. ஐஸபெல்லையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேர் பெயரையும் போட்டுத்தான் கூப்பிடுகிறேன், கவனித்தாயா?

எல்ஸ்பெத் ஷா